தஸ்நேவிஸின் விட்ட கால்

நான் மிதித்தது கித்தேரியக்காவின் புருசனை. வேண்டுமென்று மிதிக்கவில்லை. தடுப்புக் கயிற்றைத் தாண்டி, கையில் போனைத் தூக்கிப் பிடித்து, போனுக்குள் தெரிந்த மணலைப் பார்த்துக்கொண்டே நாலு எட்டு வைத்தேன், நாலாவது எட்டில் என் வலது கால் சூடான ஒன்றுக்குள் இறங்கியது, சுற்றிலும் ஈர மணல் குளிர்ந்து கிடக்க அந்த ஒரு சாண் இடம் மட்டும் ஆள் இப்போதுதான் எழுந்துபோன பாய் மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது, நான் காலை எடுத்தேன், ஒரு அலை வந்தது, போனது, அதற்குப் பிறகு அங்கே ஒன்றும் இல்லை.

பதினாலு மாதமாக எந்த அலையும் அழிக்காத காலடி அது.

நான் முதலில் குனிந்து பார்க்கவில்லை. யாராவது பார்த்தார்களா என்று திரும்பித்தான் பார்த்தேன். யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் மூன்று மணி, குறுந்தாழை முழுக்கச் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தது, வள்ளங்கள் எல்லாம் கரையேறிக் கிடந்தன, ஒரு வெள்ளாடு மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டே பழைய சாக்கைத் தின்றது. கயிற்றுக்கு வெளியே கழற்றிப் போட்டிருந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். அந்தச் செருப்பும் அவருடையதுதான்.

விசயத்தைச் சொல்லாமல் இது யாருக்கும் புரியாது, அதனால் சொல்கிறேன். குறுந்தாழையில் கடலுக்குப் போகிறவன் வள்ளத்தில் ஏறும்போது கடைசியாகக் கரையில் ஊன்றுகிற கால் அழிவதில்லை. ஐந்து வருசமாக அப்படித்தான். மாதா கோயில் திருவிழாவில் கொடி இறக்கிய மறுநாள் தொடங்கியது என்கிறார்கள். ஏன் தொடங்கியது என்று என் அக்கா புருசன் தொம்மை அத்தானிடம் கேட்டேன். “மழை ஏன் பெய்யுதுன்னு ஒங்க ஊர்ல கேப்பாவளோ?” என்றார், பிறகு அவரே, “ஒங்க ஊர்ல பெஞ்சாத்தான கேக்கதுக்கு” என்று சிரித்தார், அதோடு நானும் விட்டுவிட்டேன். அலை வரும், மூடும், போகும், கால் அப்படியே இருக்கும். மழை விழுந்தாலும் ஆடு நடந்தாலும் நாய் படுத்தாலும் அப்படியே இருக்கும். போனவன் திரும்பி வந்து கரையில் காலை வைத்த நிமிசம் அது அடியிலிருந்து தண்ணீர் ஊறி, குளுக் என்று ஒரு சத்தத்தோடு நிரம்பி மட்டமாகிவிடும். போனவன் வராமலே அது நிரம்பினால், போனவன் போய்விட்டான் என்று அர்த்தம். அதற்குப் பெயர் விட்ட கால். உயிரோடிருக்கிறவனின் விட்ட கால் சூடாக இருக்கும்.

முதல் வாரம் ஊரே கரையில் முழங்கால் போட்டு நின்றதாம். இரண்டாவது வாரம் பங்குச் சாமியார், ஆயருக்கு எழுதியிருக்கிறேன், பதில் வரும்வரை யாரும் இதை மாதா செய்த புதுமை என்று சொல்லக்கூடாது என்று பூசையில் அறிவித்தாராம், பதில் இன்றைக்கு வரைக்கும் வரவில்லை, அதனால் இன்றைக்கு வரைக்கும் ஒருவரும் அதைப் புதுமை என்று சொல்வதில்லை. டிவிக்காரர்கள் வேனில் வந்தார்களாம், எந்தக் கேமராவிலும் வெறும் மணல்தான் விழுந்தது, கேமராவுக்கு விட்ட கால் தெரியாது, பொரித்த மீன் தின்றுவிட்டுப் போய்விட்டார்களாம். மூன்றாவது மாதத்திலிருந்து அது வீட்டு வேலைக்கு வந்துவிட்டது. குளுக் சத்தம் கேட்டதும் பெண்கள் உலையில் அரிசியைப் போட்டார்கள். கடலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தேரிக்காட்டில் சீட்டு விளையாடியவனின் பொண்டாட்டி கரையில் ஒவ்வொரு காலாகப் பார்த்து வந்து, “எல்லாரு வீட்டுக் காலும் கெடக்கு, எங்க வீட்டுக் காலு எந்தக் கடலுக்குப் போயிருக்குன்னு தெரியலியே” என்று தெருவில் நின்று சத்தமாகக் கேட்டாள். மீன் ஏலம் எடுக்க வருகிற வியாபாரி முதலில் கால்களை எண்ணிவிட்டுத்தான் விலை சொன்னான். மாப்பிள்ளை பார்க்க வந்த பெண்வீட்டார் குணம் எப்படி என்று விசாரிப்பதற்குப் பதிலாகக் கரைக்குப் போய்க் குனிந்து பார்த்து, பெருவிரல் நன்றாக ஊன்றியிருக்கிறது, குடும்பம் நடத்துவான் என்று வெற்றிலை மாற்றினார்கள்.

மனுசக் கால் பட்டால் மட்டும்தான் அது அழியும். அதனால் மிதப்புக் கட்டைகள் கோத்த பழைய கயிறு ஒன்றைப் பெண்கள் கரை நெடுகக் கட்டி வைத்திருக்கிறார்கள், கடலுக்குப் போகிறவனும் வருகிறவனும் தவிர வேறு யாரும் அதைத் தாண்டக்கூடாது. எனக்கு இதை மூன்று பேர் சொன்னார்கள். அத்தான் சொன்னார், அக்கா சொன்னாள், பல் விழுந்த பிள்ளை ஒன்று என் சட்டையைப் பிடித்து இழுத்து, “அண்ணே, கயித்தத் தாண்டாத, தாண்டுனா ஆளு செத்துப்போவாவ” என்று சொன்னது. அது தப்பு. தாண்டினால் யாரும் சாகமாட்டார்கள். செத்ததாக ஆகிவிடுவார்கள்.

அந்த ஊரில் இன்னொரு வழக்கம் உண்டு, எல்லாம் அதில்தான் வந்து நிற்கிறது. முதல் வருசம் வியாகுலம் என்பவரின் விட்ட கால் ஒரு நாள் நிரம்பிவிட்டது. அவர் பொண்டாட்டி நெஞ்சில் அடித்துக்கொள்வதைப் பார்க்கமுடியாமல் அவளுடைய அண்ணன், நான்தான் தெரியாமல் மிதித்துவிட்டேன் என்று சொன்னான். இரக்கப்பட்டுச் சொன்ன பொய். அவள் எட்டு மாதம் காத்திருந்தாள். எட்டாவது மாதம் வலையில் வந்ததை இடுப்பு பெல்ட்டை வைத்து அடையாளம் கண்டார்கள். அதற்குப் பிறகு அவள் அண்ணனோடு பேசவே இல்லை. அப்புறம் நாலாம் வகுப்பில் படிக்கிற கிளிட்டஸ் என்ற பையன், பந்து பொறுக்கப் போய் நிஜமாகவே அவன் சித்தப்பாவின் காலை மிதித்துவிட்டான், பயந்து அழுதுகொண்டே அதே இடத்தில் அதே காலை வைத்துச் சொன்னான், அலை வந்து போனது, அவன் கால் அப்படியே நின்றது, சித்தப்பா சாயங்காலம் வந்து இறங்கும்வரைக்கும் நின்றது. அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது. மிதித்தவனே, மிதித்த காலையே வைத்துச் சொன்னால் மணல் அதை எடுத்துக்கொண்டு, போனவனுக்குப் பதிலாகக் காவல் வைத்துக்கொள்ளும். மற்றவன் வைத்தால் அலை கொண்டுபோய்விடும். ஊர்க்கமிட்டி கூடி எழுதி வைத்துவிட்டார்கள்: மிதித்த கால்தான் சாட்சி, வாய் சாட்சி இல்லை.

கிளிட்டஸை யாரும் அடிக்கவில்லை. பிஸ்கட் பாக்கெட் வாங்கிக் கொடுத்தார்கள். இதுவும் எனக்கு முன்னாலேயே தெரியும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

தஸ்நேவிஸ் கித்தேரியக்காவின் புருசன். போன வருசம் சித்திரையில் இரண்டு பேரோடு ஒரே வள்ளத்தில் போனார், காற்று மாறியது, மூன்றாம் நாள் மத்தியானம் மற்ற இரண்டு பேரின் கால்களும் ஒன்றன்பின் ஒன்றாக நிரம்பின, ஊர் இரண்டு வெற்றுப்பெட்டிகளைப் புதைத்தது. தஸ்நேவிஸ் கால் மட்டும் நின்றது. திருக்கை முள் குத்திச் சுண்டுவிரலை எடுத்த கால், அதனால் நாலே விரல். அது நின்றதால் ஊரும் நின்றது. எந்தக் கப்பல் தூக்கியதோ, எந்தத் தீவில் ஒதுங்கினாரோ, எந்த நாட்டு ஜெயிலில் மொழி தெரியாமல் உட்கார்ந்திருக்கிறாரோ என்று வாராவாரம் திங்கள்கிழமை நாலு பேர் கலெக்டர் ஆபீசுக்கு மனு கொண்டுபோனார்கள், ஆள் உயிரோடிருப்பதற்கு என்ன அத்தாட்சி என்று அங்கே கேட்டபோது, வந்து தொட்டுப் பாருங்கள் என்றார்கள், யாரும் வரவில்லை, இவர்களும் விடவில்லை. ரேசன் கார்டில் அவர் பெயர் இருந்தது. கோயில் வரிப் பட்டியலில் இருந்தது. கித்தேரியக்கா காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை வந்து உள்ளங்கையை அதற்குள் வைத்துப் பார்த்துவிட்டு அதோடு சண்டை போடுவார். “ஒம்ம மூத்த மக கணக்குல முப்பத்தஞ்சு. ஒம்ம மண்டைதான் அவளுக்கு. வாரும், வந்து நீரே ரேங்க் கார்டுல கையெழுத்துப் போடும்.”

நான் அந்த ஊருக்குப் போனது விருந்தாளியாக. எங்கள் ஊர் கோவில்பட்டிக்கு மேற்கே கரிசல்காடு. அக்கா இசக்கியம்மாள் வலைக் கம்பெனிக்கு வேலைக்குப் போன இடத்தில் தொம்மை அத்தானைப் பார்த்து, ஓடிப்போய், கோயிலில் இசபெல் என்று பெயர் மாற்றிக் கல்யாணம் செய்துகொண்டாள். எனக்கு மகள் கிடையாது, அவள் செத்துப்போனாள் என்று அப்பா தலைமுழுகிவிட்டார். இப்போது பிள்ளை பிறந்து ஞானஸ்நானம். அம்மா, அப்பாவுக்குத் தெரியாமல், ஒரு வெள்ளி அரைஞாணைக் கொடுத்து என்னை அனுப்பினாள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் என்பதால் நான் எங்கே போனாலும் யாரும் தேடமாட்டார்கள்.

சம்மந்தி வீட்டிலிருந்து முதல்முதலாக வருகிற ஆளுக்கு அந்தத் தெருவில் வீட்டுக்கு ஒரு குழம்பு கொடுத்துவிட வேண்டுமாம். ஆறு குழம்பு வந்தது. கித்தேரியக்கா விளமீன் தலையைக் குழம்பு வைத்துத் தானே கொண்டுவந்து, நான் தின்பதைப் பார்க்க எதிரில் உட்கார்ந்துகொண்டார்.

“கரிசக்காட்டான் முள்ளுக்குப் பயப்படுதான் பாரு. ஏ தம்பி, அது ஒன்னையக் கடிக்காது, நீதான் கடிக்கணும்.”

“கண்ண விட்டுட்டியே. அத உறிஞ்சு,” என்றார் அத்தான்.

நான் முகத்தைச் சுளித்தேன், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், பொய் சொல்லக்கூடாது, அவ்வளவு பேர் என்னைப் பார்த்துச் சிரித்து எனக்கு வலிக்காத நாள் அதுதான். சாப்பிட்டு எழுந்து நான் ஷூவை மாட்டப்போனதைக் கண்டு கித்தேரியக்கா, “அதுக்குள்ள மணலு போனா ஒங்க ஊர் வரைக்கும் கூட வரும்” என்று வீட்டுக்குப் போய் ஒரு ஜோடி ரப்பர் செருப்பைக் கொண்டுவந்து போட்டார். நீல வார். பெருவிரலுக்குப் பள்ளம், அடுத்த மூன்று விரலுக்கும் பள்ளம், வலது செருப்பில் சுண்டுவிரல் இடம் மட்டும் புதுசாக இருந்தது.

“அவிய வாரவரைக்கும் சும்மாதான கெடக்கு, போட்டுக்க. வந்துட்டா கழட்டிக் குடுத்துரணும், ஆமா. செருப்பு விசயத்துல அவிய ரொம்பக் கோவக்காரவிய.”

ஞாயிற்றுக்கிழமை அங்கே யாரும் கடலுக்குப் போவதில்லை. அதனால் அன்று அவ்வளவு பெரிய கரையில் ஒரே ஒரு விட்ட கால்தான் இருந்தது. நான் கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தேன். கண்ணுக்கு நாலு விரலோடு தெளிவாகத் தெரிந்தது, போனில் வெறும் மணல். கிட்டே போனால் விழும் என்று நினைத்தேன். டிவிக்காரர்களுக்கு விழாதது எனக்கு விழுந்தால் எத்தனை பேர் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். போனைப் பார்த்தே நடந்தேன். போனில் கடைசிவரைக்கும் ஒன்றுமே இல்லை.

வீட்டுக்கு வந்தபோது அக்கா பிள்ளையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“என்னல மூஞ்சி இப்படி இருக்கு?”

“அக்கா, மிதிச்சிட்டேன்.”

எதை என்று அவள் கேட்கவில்லை. அன்று கரையில் மிதிக்க வேறு என்ன இருந்தது. தட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

“சூடா இருந்துச்சா?”

“ஆமா.”

“நெசமா?”

“நெசமாக்கா. அடுப்புக்கிட்ட வச்ச தண்ணி மாதிரி.”

அக்கா மூச்சை விட்டாள். “அப்ப ஒண்ணுமில்ல. ஆளு இருக்காவ. நீ இப்பவே போய் அங்கன நில்லு. மிதிச்ச காலையே வையி. மிதிச்சேன், சூடா இருந்துச்சுன்னு சொல்லு. ரெண்டு வார்த்த, அவ்வளவுதான்.”

“திட்டுவாவளா?”

“திட்டுவாவ. பொறவு காப்பி குடுப்பாவ.”

அப்போதுதான் கரையிலிருந்து சத்தம் கேட்டது. அலறல் இல்லை. வைத்த இடத்தில் குடத்தைக் காணாதவள் கூப்பிடுகிற மாதிரிதான் இருந்தது. “ஏ, யாராவது வாங்களேன். இங்கன ஒண்ணுங் காணலியே.” மத்தியானச் சோற்றுக்குப் பிறகு, இசபெல் பிள்ளைக்குப் பெயர் வைத்தாயிற்று என்று சொல்லத்தான் கித்தேரியக்கா அங்கே போயிருக்கிறார்.

ஊரே ஓடியது. நானும் ஓடினேன், ஆனால் ஒரு வள்ளத்துக்குப் பின்னால் நின்றுவிட்டேன். கித்தேரியக்கா முழங்காலில் நின்று உள்ளங்கையால் மணலைத் தொட்டு, இங்கே இல்லை, கொஞ்சம் தள்ளித் தொட்டு, இங்கேயும் இல்லை, எல்லா இடத்தையும் கைக்குழந்தைக்குக் காய்ச்சலா என்று பார்க்கிற மாதிரி தொட்டுத் தொட்டுப் பார்த்தார். இரண்டு பெண்பிள்ளைகளும் அம்மாவின் சேலை நனையாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஊர்க்கமிட்டித் தலைவர் ரொசாரியோ சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றுக்குப் பக்கத்தில் வந்து சத்தமாகக் கேட்டார்.

“யாராவது மிதிச்சியளா? மிதிச்சிருந்தா வாங்கப்பா. ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்.”

யாரும் வரவில்லை. மறுபடி கேட்டார். கையைக் கும்பிட்டபடி இன்னொரு தடவை கேட்டார். “மிதிச்சிருந்தா நல்லதுய்யா. தயவுசெஞ்சு யாராவது மிதிச்சிருங்கய்யா.”

மூன்று தடவையும் நான் அங்கேதான் இருந்தேன்.

அக்கா பிள்ளையோடு வந்து முழங்கையால் என்னை இடித்தாள். “போல.”

“மணலு சுடுதுக்கா. செருப்பப் போட்டுட்டு வாரேன்.”

“வெறுங்காலுதாம்ல வேணும்.”

“வாரேன்க்கா.”

பயந்தேன் என்று சொன்னால் அது பொய். அடிக்கமாட்டார்கள் என்று தெரியும். பதினொன்றாம் வகுப்பில் லேபில் ஒரு குடுவை உடைந்ததற்குத் தலைமையாசிரியர் என்னை பிரேயரில் மேடையில் ஏற்றி நிற்கவைத்தார், எண்ணூறு பேர் பார்த்தார்கள், உடைத்தது நான்தான், ஆனாலும் அன்றைக்கு கேட்டைத் தாண்டியவன் திரும்பப் போகவே இல்லை, இனி எவன் முன்னாலும் இப்படி நிற்பதில்லை என்று முடிவு செய்தேன். அது ஒரு காரணம் என்று நானே எனக்குச் சொல்லிப் பார்த்தேன். காரணம் இல்லை, சாக்கு. எல்லோரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்புவார்களே என்ற ஒன்றுதான். ஒரு மனுசன் உயிரோடிருக்கிறானா இல்லையா என்பதைவிட என் மூஞ்சி எனக்குப் பெரிசாக இருந்தது. அவ்வளவுதான்.

வீட்டுக்குள் போனேன், செருப்பைப் போட்டேன், பையை எடுத்தேன், மூன்று நாற்பது மினிபஸ் கோயில் முன்னால் புறப்பட நின்றது, ஏறிவிட்டேன். ரோடு கொஞ்ச தூரம் கரையை ஒட்டியே போகும். கடைசி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அக்கா என்னைத் தேடி இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாள், அப்புறம் பிள்ளையை அத்தான் கையில் கொடுத்தாள், கயிற்றைத் தூக்கி உள்ளே நுழைந்தாள், சேலையைக் கொஞ்சம் உயர்த்தித் தன் வலது காலை ஊன்றினாள். அவள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அலை வந்ததைப் பார்த்தேன். போனதைப் பார்த்தேன். கூட்டம் அப்படியே மணலில் உட்கார்ந்தது. பஸ் திரும்பிவிட்டது. “டிக்கெட் டிக்கெட்” என்றார் கண்டக்டர்.

அன்று ராத்திரி அக்கா போனில் திட்டவில்லை. சொன்னாள். “என் தம்பி மிதிச்சான், சூடா இருந்துச்சுன்னு அவனே சொன்னான்னுதான் சொன்னேன். மணலு ஏங்காலக் கொண்டுட்டுப் போயிருச்சு.” இரக்கப்பட்டுச் சொல்கிறாள் என்றுதான் ஊர் எடுத்துக்கொண்டதாம், வியாகுலத்தின் மச்சினன் சொன்ன மாதிரியே. ஒருத்தரும் கோபப்படவில்லையாம், கிழவிகள் இரண்டு பேர் வந்து அவள் தலையைத் தடவி, நல்ல மனசு, ஆனா இப்படிச் சொல்லக்கூடாது மக்கா என்றார்களாம். முந்தின நாள் வரைக்கும் அவளைக் கரிசக்காட்டுக்காரி என்று சொன்னவர்கள் எல்லாம் அன்றையிலிருந்து நம்ம இசபெல்லு என்கிறார்களாம். “என்னையப் புடிச்சிருக்காம்ல இப்ப,” என்றாள் அக்கா, போனை வைத்துவிட்டாள்.

அடுத்த திங்கள்கிழமை மனு கொண்டு யாரும் போகவில்லை. இதைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. ஒரு மனுசன் எங்கேயோ உயிரோடு, நாலு விரல் காலோடு உட்கார்ந்திருக்கிறான், அவனைத் தேடுவதை ஒரு ஊரே நிறுத்திவிட்டது, அவன் காலின் சூடு இந்த உலகத்தில் கடைசியாகப் பட்டது என் உள்ளங்காலில். இரண்டாவது திங்களும் போகவில்லை. ரேசன் கார்டில் பெயரை அடிக்கச் சொல்லி ரொசாரியோவே எழுதிக் கொடுத்தாராம். முப்பதாம் நாள் பூசை வைத்து, சட்டையையும் சாரத்தையும் ஒரு பெட்டியில் போட்டுப் புதைப்பது என்று முடிவானது.

இருபத்தேழாம் நாள் அக்கா நம்பரிலிருந்து போன் வந்தது. எடுத்தால் கித்தேரியக்கா.

“தம்பி, நல்லாருக்கியா? கொழம்பு பிடிச்சிருந்துச்சா? சொல்லாமக்கொள்ளாமப் போயிட்ட.”

“நல்லாருக்கேன்க்கா.”

“துக்க வீட்டுல எதுக்குன்னு போயிட்ட, சரிதான், சின்னப்புள்ள. ஒரு விசயம் சொல்லணும்னுதான் கூப்பிட்டேன். ஒங்கக்கா அன்னைக்கு ஒம்மேல பழியப் போட்டுட்டா. எனக்காவத்தான் சொன்னா. நீ அவமேல கோவப்படக்கூடாது, என்ன? தாய்வீட்டுலேருந்து அவளுக்குன்னு வந்தது நீ ஒருத்தந்தான்.”

நான், “சரிக்கா” என்றேன். சரிக்கா என்றேன்.

“நீ அங்கன கரைப்பக்கம் நின்னியோ அன்னைக்கு? எதும் பாத்தியா? சும்மாத்தான் கேக்கேன்.”

“இல்லக்கா.”

“ம். அந்தச் செருப்ப நீயே வச்சுக்க தம்பி. பெட்டியில வைக்கலாம்னு தேடுனேன், பொறவு ஞாபகம் வந்துச்சு. இருக்கட்டும். அவியளுக்கு இனி எதுக்கு.”

போன் கை மாறியது. அக்கா தெருமுனை வரைக்கும் நடந்து வந்தாள் போலிருக்கிறது, கோழிச் சத்தம் எல்லாம் குறைந்த பிறகுதான் பேசினாள். மணலுக்கு நாள் கணக்கு கிடையாது, எப்போது வந்து காலை வைத்தாலும் எடுத்துக்கொள்ளும் என்றாள். முப்பதாம் நாள் பூசை பத்து மணிக்கு, முதல் மினிபஸ்ஸில் ஏறினால் எட்டரைக்கு வந்துவிடலாம் என்றாள். நான் உன் ஷூவைத் துடைத்து வைத்திருக்கிறேன், அதைப் போட்டுக்கொண்டு திரும்பிப் போகலாம், அந்தச் செருப்பைக் கித்தேரியக்காவிடம் கொடுத்துவிடு என்றாள்.

இதையெல்லாம் நான் இங்கே எழுதினால் ஆகாது. மணலுக்கு எழுத்து தெரியாது.

முப்பதாம் நாள் விடியுமுன்பே ஊரிலிருந்து கிளம்பி, குறுந்தாழை மினிபஸ் வருகிற டவுன் பஸ் ஸ்டாண்டில் ஏழு மணிக்கே நின்றேன். செருப்பை ஒரு துணிப்பையில் போட்டு வைத்திருந்தேன், வெறுங்காலில்தான் நின்றேன், சிமெண்ட் குளிர்ந்து கிடந்தது. மினிபஸ் வந்தது. “குறுந்தாழை, குறுந்தாழை” என்று கூப்பிட்டபடி இறங்கிய அதே கண்டக்டர் என்னைப் பார்த்து, “ஏறு தம்பி, எடம் இருக்கு” என்றார். உள்ளே பூசைக்குப் போகிறவர்கள் மாலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். வலது காலைப் படியில் வைத்தேன். எடுத்துவிட்டேன். பஸ் புறப்பட்டுப் போனது.

அக்கா செய்யச் சொன்னது இவ்வளவுதான்: “வாரணும். வெறுங்காலோட நிக்கணும். சூடா இருந்துச்சுக்கான்னு அவிய மூஞ்சியப் பாத்துச் சொல்லணும்.”